வெள்ளைக் கோட்டு, நம்பர் நாற்பத்தேழு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். பொய்யில்லை. இதை எழுதும்போதும் கோபமாகத்தான் இருக்கிறேன். யார் யார்மேல் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் நிலம் கம்பெனிக்காரர்களுக்குப் போனபோது வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார்கள். என் வீட்டுக்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு, "நான் எவன் கிட்டயும் கை கட்டி நிக்க மாட்டேன்" என்று வேன் ஓட்டப் போய்விட்டார். கை கட்டி நிற்க நான் போனேன். நிலத்தை நினைத்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சித்திரை வெயிலில் களை பிடுங்கியவளுக்குத்தான் ஏசி அறையின் அருமை தெரியும்.

ஒரகடத்தில் செல்போன் சார்ஜர் செய்யும் கம்பெனி. எனக்குக் கிடைத்தது கோட்டு ரூம். லைனுக்குள் போகிற எல்லோரும் முழங்கால் வரை வெள்ளைக் கோட்டு, முடியை மூடும் தொப்பி, மாஸ்க் எல்லாம் போட்டாக வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் சரக்கில் ஏறிவிடுமாம். போட்டு முடித்தால் கண் மட்டும்தான் தெரியும். கோட்டின் நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் இருக்கும். என் அறைக்கு இரண்டு ஜன்னல். இடது பக்கம் ஆண்கள் உடை மாற்றும் இடம், வலது பக்கம் பெண்கள். நடுவில் நான், சுற்றி அலமாரிகள். வந்தவர்களுக்கு அவரவர் நம்பரை எடுத்துக் கொடுப்பேன், ஷிப்டு முடிந்தால் வாங்கி வைப்பேன்.

உள்ளே சூப்பர்வைசர் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். "முப்பத்தி ரெண்டு, கை இன்னா தூங்குதா?" எனக்கு அது ஆகவே ஆகாது. மாட்டுக்கே பெயர் வைத்துக் கூப்பிட்ட வீடு எங்களுடையது. மனுஷனைப் போய் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிறார்களே என்று சாப்பாட்டு வேளையில் தினமும் திட்டுவேன். கூட உட்கார்ந்து சாப்பிடுகிற பெண்கள் தலையாட்டுவார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தலையாட்டாது.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் வந்த பிள்ளை அது. தென்காசிப் பக்கம், இருபத்திரண்டு வயது. ஒட்ட வெட்டிய முடி, தொளதொள சட்டை, பேன்ட். சர்டிபிகேட்டில் பெண் என்று இருந்ததால் லேடீஸ் ஹாஸ்டலில் இடம் கொடுத்திருந்தார்கள். கேட்டில் சோதனை போடும் பெண் செக்யூரிட்டி, திரைக்குப் பின்னால் கூட்டிப் போகும்போதெல்லாம், "நீ இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? டவுட்டா கீது" என்று கேட்டுச் சிரிப்பாள். பின்னால் நிற்கிற வரிசையும் சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். ஒரு நாள் கோட்டைக் கொடுக்காமல் கையில் பிடித்துக்கொண்டு, "மொதல்ல சொல்லு, நீ ஆம்பளயா பொம்பளயா? அப்பத்தான் கோட்டு" என்றேன். அந்தப் பிள்ளை ஜன்னலில் கையை நீட்டியபடியே நின்றது. பின்னால் கூட்டம் சேர்ந்ததும் நானே கொடுத்துவிட்டேன். அன்று நான் செய்தது ரவுடித்தனம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

அந்தப் பிள்ளையின் நம்பர் நாற்பத்தேழு. எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கும். வாங்கினதும் கோட்டு, தொப்பி, மாஸ்க் மூன்றையும் போட்டுக்கொண்டு லைன் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும். மற்றவர்கள் ஷிப்டு முடிந்தால் மாஸ்க்கைப் பிய்த்துக்கொண்டு ஓடி வருவார்கள். இது கடைசி ஆளாக வந்து, கோட்டை நான்காக மடித்து, நம்பர் மேலே தெரிகிற மாதிரி வைக்கும். நான் கத்திக் கத்திச் சொன்ன முறை அது. முந்நூறு பேரில் அப்படி வைத்தது இந்தப் பிள்ளை மட்டும்தான்.

ஒரு ஞாயிறு, ஓவர்டைம் பார்க்க வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. கேன்டீனில் அந்தப் பிள்ளை எதிரே வந்து உட்கார்ந்தது. நான் வழக்கம்போல நம்பர் புராணத்தை ஆரம்பித்தேன். அது சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னது: "எனக்குப் பிடிச்சிருக்குக்கா. நாப்பத்தேழுன்னா நாப்பத்தேழுதான். அதுக்குள்ள வேற ஒண்ணும் இல்ல."

"இன்னாது, மாட்டுத் தரகன் மாதிரி கூப்புடுறான், அது புடிச்சிகீதா?"

"வெளிய போனா ஏ பொண்ணுங்காவ. முடியப் பாத்துட்டு தம்பிங்காவ. ரெண்டும் யாரையோ கூப்பிடுத மாதிரி இருக்கும், திரும்பிப் பாக்கவே தோணாது. இங்க கோட்டைப் போட்டுட்டா ஒருத்தரும் கேக்கது இல்ல. எட்டு மணி நேரம் நிம்மதியா மூச்சு விடுதேன்."

அப்போதும் எனக்குப் புரியவில்லை. டிவியில் பார்த்ததை வைத்துக்கொண்டு, "அப்ப நீ ஆம்பளயா மாறணும்னு நெனைக்கிறியா?" என்றேன். இல்லை என்று தலையாட்டியது. "அப்ப திருநங்கை, திருநம்பின்னு சொல்றாங்களே, அதுவா?"

"அவங்க யாருன்னு அவங்களுக்குத் தெரியும்க்கா. போராடி வாங்குன பேரு அது. நான் எடுத்துக்கக் கூடாது. எனக்கு அப்படி ஒண்ணு உள்ளயே இல்ல. ஆம்பளைன்னும் இல்ல, பொம்பளைன்னும் இல்ல, நடுவுலயும் இல்ல."

"கட்சி இல்லாத ஆளு மாதிரியா?" என்றேன். எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை முதல்முறையாகச் சிரித்தது. "கட்சி இல்லாதவனும் ஓட்டுப் போடுதானேக்கா. எனக்கு ஓட்டே இல்லன்னு வச்சுக்கோங்க. வேணும்னும் தோணல."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். எல்லாம் புரிந்துவிட்டது என்று சொன்னால் அது புளுகு. ஆனால் ஒன்று புரிந்தது. அது நோயும் இல்லை, வேஷமும் இல்லை. நான் பிடித்து உலுக்கினால் உள்ளேயிருந்து ஏதோ ஒரு பக்கம் கீழே விழும் என்று நினைத்தேனே, அப்படி விழுவதற்கு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு கேட்டில் சிரிப்பவர்களைப் பார்த்து முறைக்க ஆரம்பித்தேன். செக்யூரிட்டிக்காரி எங்கள் ஊர்க்காரிதான். "உன் புருஷன் பிராந்திக் கடையில விழுந்து கெடந்தப்ப எந்தப் பக்கமா கெடந்தான்னு நான் கேட்டேனா?" என்று ஒரு நாள் கேட்டேன். அப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிப் போனது. பிறகு வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிறவர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். லைனில் யார் ஆண், யார் பெண் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும், பெண்கள் பாதுகாப்புக்கு அது நல்லது என்று யாரோ சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் அந்த சூப்பர்வைசரின் கையைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு கோட்டின் நிறத்தை மாற்றினார்கள். பெண்களுக்கு ரோஸ், ஆண்களுக்கு நீலம். பழைய வெள்ளையெல்லாம் என் அலமாரியிலேயே இருக்கும். மாதக் கடைசியில் நான் அவற்றை இரண்டாக வெட்டி ஸ்கிராப்புக்கு அனுப்ப வேண்டும். கம்பெனிக் கோட்டை வெளியே யாரும் போட்டுக்கொண்டு திரியக் கூடாதாம்.

முதல் நாள் ரோஸ் கோட்டை ஜன்னலில் வைத்தேன். அந்தப் பிள்ளை அதைத் தொடவே இல்லை. "பழசு இருக்காக்கா?" என்றது. இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். சூப்பர்வைசர் கேட்டான். "இதுக்கு சைஸ் வரல சார்" என்றேன்.

"எந்தக் கலர்ல?"

"ரெண்டுலயும்."

இந்தப் பொய்யில் இரண்டு வாரம் ஓடியது. அந்த இரண்டு வாரமும் லைனில் ரோஸும் நீலமுமாக முந்நூறு பேர், நடுவில் வெள்ளையாக ஒரு ஆள். லைன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். தெரியக்கூடாது என்று வந்த பிள்ளை இப்போது எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆனாலும் அந்த வெள்ளையைத்தான் கேட்டது.

பதினைந்தாம் நாள் சூப்பர்வைசர் என் அறைக்குள் நுழைந்து அலமாரியைத் திறந்தான். அதே சைஸில் ரோஸ் கோட்டு இருபது அடுக்கியிருந்தது. "நாளைலேர்ந்து அது ரோஸ்ல வரணும். இல்லன்னா நீ வரத் தேவையில்ல" என்றான். முந்நூறு பேர் துணியை வருஷக் கணக்காகத் தொலையாமல் பார்த்துக்கொண்டவளிடம் பேசுகிற பேச்சா அது? எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

சாயங்காலம் அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். அது பயப்படவில்லை. "பத்து நாள் மட்டும் எதையாச்சும் சொல்லி ஓட்டுங்கக்கா. பேக்கிங் செக்ஷனுக்கு மாத்திக் கேட்டிருக்கேன். ஒண்ணாம் தேதியிலருந்து தாரேன்னுட்டாவ. அங்க கோட்டே கிடையாது, எல்லாருக்கும் ஒரே காக்கி ஏப்ரன். பத்து நாள் வெள்ளையக் குடுத்தாப் போதும்."

இதற்குமேல் தெளிவாக ஒரு மனுஷப் பிறவி என்ன கேட்க முடியும்? துவைத்து, பாலிதீன் போட்டு, என் கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளைக் கோட்டு முந்நூறு இருந்தது. சூப்பர்வைசர் வருகிற நேரத்தில் ரோஸை மேலே போர்த்தி அனுப்பியிருக்கலாம். சலவைக்குப் போன கட்டு வரவில்லை என்று புளுகியிருக்கலாம். எனக்குத் தெரியாத புளுகா?

ஆனால் நான் மறுநாள் காலையில் அந்தப் பிள்ளை வருவதற்கு முன்னாலேயே ஹெச்ஆர் மேடம் அறைக்குப் போனேன். இந்தப் பிள்ளை எதற்கு ஒளிய வேண்டும், அந்த சூப்பர்வைசர் எதற்கு மிரட்ட வேண்டும், இரண்டையும் ஒரே அடியில் முடிக்கிறேன் பார் என்று போனேன். எனக்குத் தெரிந்த உதவி சண்டை ஒன்றுதான். போகலாமா என்று அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேன்டீனில் என்னிடம் மட்டும் சொன்னதையெல்லாம் அந்த அறையில் கொட்டினேன்.

மேடம் சென்னைக்காரி. குரல் தேன் மாதிரி. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எவ்ளோ பெரிய விஷயம் சொல்லிருக்கீங்க! நாங்க ட்ரெயினிங்ல படிச்சதெல்லாம் இதுதான். நான் பாத்துக்கறேன். அவங்களுக்கு ஒரு குறையும் வராது." என் உச்சி குளிர்ந்துவிட்டது. சூப்பர்வைசர் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

நான்கு நாள் மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் சூப்பர்வைசர் என் பக்கமே வரவில்லை. வெள்ளையே போனது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் எல்லா ஷிப்டையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். மைக், பேனர், கேமரா எல்லாம் இருந்தது. அந்தப் பிள்ளையை நம்பர் சொல்லிக் கூப்பிடவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள். மேடம், "நம்ம குடும்பத்துல ஒரு மூன்றாம் பாலினச் சகோதரி" என்றாள். ஒரே வாக்கியத்தில், அந்தப் பிள்ளையிடம் இல்லாத இரண்டைத் தூக்கி அந்தத் தலையில் வைத்தாள். மேனேஜர் சால்வை போர்த்தினார். கைதட்டினார்கள். அப்புறம் ஒரு பாலிதீன் கவரைப் பிரித்துக் காட்டினார்கள். மஞ்சள் கோட்டு. இந்த ஒரு ஆளுக்காகவே தைத்து வந்தது. நெஞ்சில் நாற்பத்தேழு இல்லை, ஒன்றாம் நம்பர்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடிக்கப் போனது பிள்ளையார்கூட இல்லை. என் கெத்தைத்தான்.

மேடையிலிருந்து இறங்கின பிள்ளை நேராக என் அறைக்கு வந்தது. பெண்கள் பக்கம் வரவில்லை, ஆண்கள் பக்கமும் வரவில்லை, பின்கதவைத் தட்டியது. சால்வையும் மஞ்சள் கோட்டும் கையில் இருந்தன. "நீங்களாக்கா சொன்னிய?" என்றது. நான் ஆமாம் என்றேன். நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன். "நான் வேற கலரு கேக்கலயேக்கா" என்றது. அவ்வளவுதான். மஞ்சளை மேசைமேல் வைத்தது. நான்காக மடித்து, நம்பர் மேலே.

பேக்கிங்குக்குக் கேட்டிருந்த இடமாற்றத்தை மேடமே நிறுத்திவிட்டாள். இவ்வளவு மரியாதை செய்த ஆளைப் பேக்கிங்கில் ஒளித்துவைத்தால் கம்பெனிக்குத்தான் கெட்ட பெயராம். லைனிலேயே, எல்லோரும் பார்க்கிற இடத்தில், மஞ்சளில் இருக்க வேண்டுமாம். ஹாஸ்டல் வார்டன் அம்மாவுக்கும் போட்டோ போயிருந்தது. "பொண்ணு இல்லன்னு நீயே மேடை ஏறிச் சொல்லிட்ட. பொண்ணுங்க தங்குற எடத்துல உன்ன எப்படிம்மா வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். அதிலும் ஒரு அம்மா போட்டுத்தான். ஜென்ட்ஸ் ஹாஸ்டலில் கேட்கவே வேண்டாம். இரண்டு வருஷம் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் படுத்திருந்த கட்டில் ஒரு சால்வையில் போய்விட்டது.

ஒரு பையும் வாளியுமாக கேட்டில் நின்றதை நான்தான் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மாடியில் வாடகைக்கு விடுகிற அறை காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"இன்னாடி இது, யாரு இது? நாளிக்கி ஊர்ல நாலு பேரு இன்னா சொல்லுவான்?"

"யோவ், நெலத்தை எழுதிக் குடுத்தப்ப அந்த நாலு பேரு வந்து இன்னா புடுங்கினான்? வயிய வுடு."

விட்டார். ஆனால் ஊர் விடவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தண்ணீர் பிடிக்க வந்தவளெல்லாம் மாடியை அண்ணாந்து பார்த்தாள். "உங்க வூட்டு மாடியில கீறது இன்னா அது?" என்று ஒருத்தி கேட்டாள். குடத்தை எட்டி உதைத்தேன். அதனால் என்ன பிரயோஜனம்? குடம் நசுங்கியது, அவ்வளவுதான். மாமியார் மட்டும் ஒன்றும் கேட்காமல் மூன்று வேளையும் தட்டை மாடிக்கு அனுப்பினார். அதையும் சொல்லியாக வேண்டும்.

நான்கு நாள் இருந்தது. நான்காம் நாள் மாலை, ஓசூர் பக்கம் ஒரு பூந்தோட்டத்தில் வேலை சொல்லியிருக்கிறார்கள், நாளைக் காலையில் கிளம்புகிறேன் என்றது. மறுநாள் ஒன்றாம் தேதி. காக்கி ஏப்ரன் போட்டுக்கொள்ள வேண்டிய நாள்.

அந்த நான்காம் நாள் பகலில்தான் நான் வெள்ளைக் கோட்டுகளை வெட்டிக்கொண்டிருந்தேன். பெரிய கத்தரிக்கோல். முதுகில் இருக்கிற நம்பருக்கு நடுவே வெட்ட வேண்டும். நாற்பத்தாறு வரை வெட்டினேன். நாற்பத்தேழை வெட்டவில்லை. சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். கேட்டில் அந்த செக்யூரிட்டிக்காரி பையைத் திறந்தாள். வெள்ளைத் துணியைப் பார்த்தாள். என் மூஞ்சியைப் பார்த்தாள். மூடி அனுப்பிவிட்டாள்.

காலையில் ஒரகடம் கூட்ரோட்டில் வாலாஜாபாத் வழியாகப் போகிற பஸ்ஸுக்கு நின்றோம். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போயின. முன்சீட்டில் பெண்கள், பின்சீட்டில் ஆண்கள். நான் பையிலிருந்து கோட்டை எடுத்துக் கொடுத்தேன். திருடிக்கொண்டு வந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவ்வளவு ஆன பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

அந்தப் பிள்ளை பிரித்துப் பார்த்தது. முதுகுப் பக்கம் திருப்பி நம்பரைத் தடவியது. அழும் என்று நினைத்தேன். அழவில்லை.

"இதை இப்ப வெளிய போட்டா டாக்டருன்னு நினைப்பாவ" என்றது. நான் சிரித்தேன். அது சிரிக்கவில்லை. கோட்டை நிதானமாக நான்காக மடித்தது. நம்பர் மேலே தெரிகிற மாதிரி என் கையில் திருப்பி வைத்தது.

"பத்து நாள்தானக்கா கேட்டேன்" என்றது.

பஸ் வந்தது. ஏறுகிற இடத்தில் கண்டக்டர், "உள்ள போம்மா" என்றான். அப்புறம் முடியைப் பார்த்துவிட்டு, "போப்பா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். அந்தப் பிள்ளை படியில் நின்றபடி என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கையைக் காட்டியது. வாழ்க்கையில் முதல்முறையாக, ஒருவர் கேட்டதை மட்டும் செய்தேன். வாயை மூடிக்கொண்டேன்.